குறைவேக இணைப்பில் வலை உலாவல்

குறைவேக இணைப்பில் வலை உலாவல் என்பது, வேகம் குறைந்த அல்லது அடிக்கடி அறுபடும் இணைய இணைப்பைக் கொண்டு இணையத்தளங்களைப் பார்வையிடுவதற்கும், அவ்விணைப்பை ஒரு வீட்டிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ உள்ள பல கணினிகள் பகிர்ந்துகொள்வதற்கும் கையாளப்படும் மென்பொருள் உத்திகளைக் குறிக்கும். தொலைபேசிக் கம்பிவழி இணைப்புக் காலத்தில் உருவான இவ்வுத்திகளுட் பல, செல்லிடப்பேசி வழியாக இணையத்தைப் பெறும் கடலோர ஊர்களில் இன்றும் பயன்படத்தக்கவை. "ஒருமுறை இறக்கியதைப் பலமுறை பயன்படுத்துதல்" என்பதே இவற்றுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை. எனினும் கடல்நிலை, புயல் எச்சரிக்கை போன்ற தகவல்களுக்கு இவ்வடிப்படை அப்படியே பொருந்தாது. சேமித்து வைத்த பழைய பக்கம் புதியது போலத் தோன்றுவது அங்கே உயிரிழப்புக்கும் இட்டுச் செல்லக்கூடும்.

வேகமும் அளவும்

இணைப்பின் வேகம் பிட்டுகளிலும் கோப்பின் அளவு பைட்டுகளிலும் கூறப்படுவது வழக்கம். 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட்டு ஆகும். எனவே விநாடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில் விநாடிக்கு அதிக அளவாக 8 கிலோபைட்டுகளே வந்து சேரும்.

1990களின் இறுதியில் பரவலாக இருந்த தொலைபேசி மோடத்தின் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட் ஆகும். அதில் 1 மெகாபைட் அளவுள்ள பக்கத்தைப் பெற, முழு வேகம் கிடைத்தாலும் சுமார் 150 விநாடிகள் தேவைப்பட்டன. இன்று 4ஜி, 5ஜி இணைப்புகள் பரவியுள்ள போதிலும் இந்நிலை முற்றாக மறைந்துவிடவில்லை. இந்தியாவில் பல முன்கட்டணத் திட்டங்களில், ஒரு நாளுக்குரிய தரவு அளவு தீர்ந்த பின்னர் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகின்றது. அப்போது பயனரின் நிலை மோடம் காலப் பயனரின் நிலையை ஒத்ததே. 2 மெகாபைட் அளவுள்ள ஓர் ஒளிப்படம் வந்து சேர நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். 1,000 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு தமிழ்ச் செய்தியோ அரை விநாடிக்குள் வந்துவிடும்.

தமிழ் உரையின் எடை

ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. "பழவேற்காடு" என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஆறு. ஆனால் ஏகாரக் குறி, புள்ளி, ஆகாரக் குறி, உகரக் குறி ஆகியவை தனித்தனியாக எண்ணப்படுவதால் அச்சொல் 10 குறிகளைக் கொண்டது. எனவே 30 பைட்டுகள் கொள்ளும். திஸ்கி போன்ற பழைய 8-பிட் குறியேற்றங்களில் ஒரு குறிக்கு 1 பைட்டே தேவைப்பட்டது. ஒருங்குறிக்கு மாறினால் தமிழ்ப் பக்கங்கள் மூன்று மடங்கு மெதுவாகும் என்ற கவலை ஒரு காலத்தில் எழுந்ததற்கு இதுவே காரணம்.

நடைமுறையில் இக்கவலைக்குப் பெரிய அடிப்படை இல்லை. தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் முதல் பைட்டு ஒன்றே. இரண்டாம் பைட்டு இரு மதிப்புகளில் ஒன்றாக மட்டுமே இருக்கும். இவ்வாறு திரும்பத் திரும்ப வருவனவற்றை ஜிசிப் போன்ற சுருக்கும் முறைகள் எளிதில் சுருக்கிவிடுகின்றன. வழங்கி சுருக்கி அனுப்புவதை உலாவி தானே விரித்துக் காட்டும். ஆகவே ஒரு பக்கத்தின் எடை பெரும்பாலும் உரையால் வருவதன்று. படங்கள், நிகழ்படங்கள், விளம்பரங்கள், நிரல்துணுக்குகள், தரவிறக்கும் எழுத்துருக்கள் ஆகியவையே அதன் பெரும்பகுதி ஆகும்.

உலாவியில் செய்யத்தக்கவை

* படங்களை நிறுத்துதல்: பல உலாவிகளில், படங்களைத் தாமாக ஏற்றாதிருக்கும்படி அமைக்க முடியும். கூகுள் குரோமில் தள அமைப்புகளின் கீழ்ப் படங்கள் என்னும் பகுதியில் இது உள்ளது. தேவையான தளங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.
* உரை உலாவிகள்: 1992இல் வெளிவந்த லின்க்ஸ் போன்ற உலாவிகள் உரையை மட்டுமே காட்டும். மிகப் பழைய கணினியிலும் இவை இயங்கும். ஆயினும் நிரல்துணுக்குகளை நம்பியிருக்கும் தளங்கள் இவற்றில் சரிவரத் தெரியா.
* இடையில் சுருக்கும் உலாவிகள்: 2005இல் நார்வேயில் முதலில் வெளியிடப்பட்ட ஓப்பெரா மினி, பக்கத்தைத் தன் வழங்கியில் சுருக்கிப் பின்னர்ப் பேசிக்கு அனுப்பும் வழியைக் கையாண்டது. தரவு மிச்சமாகும். ஆனால் பக்கம் நடுவில் உள்ள வழங்கியைக் கடந்து வருவதால், மிகுதியாகச் சுருக்கும் நிலையில் வங்கிப் பணிகளைத் தவிர்ப்பது நலம்.
* விட்ட இடத்திலிருந்து தொடர்தல்: இணைப்பு அறுந்தால் பெரிய கோப்பை மீண்டும் முதலிலிருந்து இறக்கத் தேவையில்லை. கோப்பின் எஞ்சிய பகுதியை மட்டும் கேட்டுப் பெறும் வசதி எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையில் உண்டு. டபிள்யூகெட் போன்ற கட்டற்ற மென்பொருட்களும் பல தரவிறக்க மேலாளர்களும் இதனைப் பயன்படுத்துகின்றன. வழங்கியும் இதற்கு இடம் தந்தாலே இது இயலும்.
* பக்கத்தைச் சேமித்தல்: நீண்ட கட்டுரைகள், அரசுப் படிவங்கள் ஆகியவற்றை இணைப்பு நன்றாக உள்ள நேரத்தில் சேமித்து வைத்துப் பின்னர் இணைப்பின்றியே படிக்கலாம்.

இடைச்சேமிப்பு

உலாவி தான் ஒருமுறை பெற்ற படங்களையும் பக்கங்களையும் கணினியின் வன்தட்டிலோ பேசியின் நினைவகத்திலோ வைத்துக்கொள்ளும். இது கேச் அல்லது இடைச்சேமிப்பு எனப்படும். அதே பக்கத்தை மறுமுறை திறக்கும்போது, சேமித்த படியை உலாவி உடனே காட்டிவிடும்.

சேமித்த படி எவ்வளவு நேரம் செல்லும் என்பதை வழங்கி தன் மறுமொழியின் தலைப்பகுதியில் விநாடிக் கணக்கில் குறிப்பிடலாம். அந்நேரம் கடந்தபின் உலாவி "மாற்றம் உண்டா?" என்று மட்டும் வழங்கியைக் கேட்கும். மாற்றம் இல்லையெனில் வழங்கி 304 என்னும் எண்ணை மறுமொழியாக அனுப்பும். பக்கம் முழுவதும் மீண்டும் வருவதில்லை. குறைவேக இணைப்பில் மிகுந்த மிச்சத்தைத் தருவது இச்செயல்முறையே.

வழங்கி காலவரையறை எதையும் கூறாவிடில் உலாவி தானே ஊகம் செய்துகொள்ளும். பக்கம் கடைசியாக மாற்றப்பட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தைச் செல்லுபடிக் காலமாகக் கொள்வது பரவலான வழக்கம். பத்து நாட்களாக மாறாத ஒரு பக்கத்தை உலாவி மேலும் ஒரு நாள் வரை கேள்வியின்றிக் காட்டக்கூடும். நாள்தோறும் ஒரே கோப்புப் பெயரில் புதுப்பிக்கப்படும் வரைபடங்களில் இதனால் பிழை நேரலாம்.

புதிய படியை வலிந்து பெறும் முறைகள்:

* எஃப்5 விசையை அழுத்தினால் உலாவி மாற்றம் உண்டா என வழங்கியைக் கேட்கும்.
* கண்ட்ரோல் விசையுடன் எஃப்5 விசையை அழுத்தினால், விண்டோஸ், லினக்ஸ் கணினிகளின் பெரும்பாலான உலாவிகள் சேமித்த படியைப் புறக்கணித்து முழுப் பக்கத்தையும் புதிதாகப் பெறும்.
* செல்லிடப்பேசியில் பக்கத்தின் மேற்பகுதியைக் கீழ்நோக்கி இழுத்துவிடுதல் புதுப்பித்தலைக் குறிக்கும்.

இணைப்பைப் பகிர்தல்

ஒரே இணைப்பைப் பல கணினிகள் பயன்படுத்துவதற்கு வலையமைப்பு முகவரி பெயர்ப்பு என்னும் நுட்பம் உதவுகின்றது. வீட்டினுள் உள்ள கருவிகள் 192.168 எனத் தொடங்கும் தனி முகவரிகளைப் பெறும். ரவுட்டர் எனப்படும் திசைவி, அவை யாவற்றின் சார்பிலும் ஒரே வெளிமுகவரியைக் கொண்டு இணையத்துடன் பேசும். இத்தகைய தனி முகவரித் தொகுதிகள் 1996இல் வரையறுக்கப்பட்டன. தனித் திசைவி இல்லாமலே ஒரு கணினியின் இணைப்பைப் பிற கணினிகளுக்குப் பகிரும் வசதி விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பில் 1999இல் வந்தது. இன்று செல்லிடப்பேசியின் ஹாட்ஸ்பாட் இதே பணியைச் செய்கின்றது.

பகிரும்போது கவனிக்க வேண்டியவை:

* அளவிட்ட இணைப்பு எனக் குறித்தல்: விண்டோஸ் 8 முதல், ஓர் இணைப்பை அளவிட்ட இணைப்பாக அமைக்கலாம். அவ்வாறு செய்தால் பெரும்பாலான இயங்குதள இற்றைகள் தாமாக இறங்கா. பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தவுடன் நாள் அளவு முழுதும் தீர்ந்துபோவதைத் தடுக்க இது எளிய வழி. ஆண்ட்ராய்டு 7 முதல் பேசிகளிலும் தரவுச் சேமிப்பு அமைப்பு உள்ளது.
* இற்றைகளைத் தங்களுக்குள் பகிர்தல்: விண்டோஸ் 10 முதல், ஒரு கணினி இறக்கிய இற்றையை உள்ளூர் வலையமைப்பிலுள்ள மற்ற கணினிகள் அதனிடமிருந்தே பெறும்படி அமைக்கலாம்.
* கோப்புகளை உள்ளேயே பரிமாறுதல்: ஒரே அறையில் உள்ள இரு கணினிகளுக்கிடையே கோப்பை மின்னஞ்சலில் அனுப்பத் தேவையில்லை. விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள உள்ளூர்க் கம்பி இணைப்பு, 64 கிலோபிட் வெளியிணைப்பைவிட 1,500 மடங்குக்கும் மேல் விரைவானது; தரவுக் கட்டணமும் இல்லை. முறுக்கிய கம்பி வடத்தின் நீளம் 100 மீட்டருக்கு மிகாதிருத்தல் வேண்டும்.
* பூட்டு: கம்பியில்லா வலையமைப்புக்கு டபிள்யூ.பி.ஏ2 அல்லது டபிள்யூ.பி.ஏ3 முறையில் கடவுச்சொல் இடவேண்டும். 1997இல் வந்த வெப் என்னும் பழைய முறை எளிதில் உடைக்கப்படும் என்பது 2001இலேயே நிறுவப்பட்டுவிட்டது. திசைவியுடன் வரும் நிருவாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

ஒருவர் பெரிய நிகழ்படத்தை இறக்கினால் மற்ற அனைவருக்கும் வேகம் குறையும். பல திசைவிகளில் ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு விதிக்க முடியும். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை மீனவர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் மரபு "பாடு" எனப்படும். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் முறை மாறி வருவது அதன் நோக்கம். திசைவி ஒவ்வொரு கருவியின் தரவுப் பொதிகளையும் வரிசைமுறையில் சிறிது சிறிதாக விடுவதும் இதனை ஒத்ததே.

பெயர் தேடலும் ஹோஸ்ட்ஸ் கோப்பும்

உலாவியில் இடும் தளப் பெயரை எண்முகவரியாக மாற்றித் தருவது களப்பெயர் முறைமை ஆகும். 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் இதனை வடிவமைத்தார். அதற்கு முன்னர்ப் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் பட்டியலிடப்பட்டு, அக்கோப்பு ஆர்ப்பாநெட்டின் எல்லாக் கணினிகளுக்கும் படியெடுக்கப்பட்டது. அந்தப் பழைய கோப்பின் வழித்தோன்றலாகிய ஹோஸ்ட்ஸ் கோப்பு இன்றும் விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய இயங்குதளங்களில் உள்ளது. கணினி வழக்கமாக இக்கோப்பை முதலில் பார்த்த பின்னரே வெளியே கேட்கும்.

இதனால் இரு பயன்கள் உண்டு. விளம்பர வழங்கிகளின் பெயர்களுக்கு எதிரே 0.0.0.0 என்று எழுதிவைத்தால் அவ்விளம்பரங்கள் இறங்கா. உள்ளூர் வலையமைப்பில் உள்ள வழங்கிக்கு எளிய பெயர் ஒன்றைச் சூட்டவும் இக்கோப்பு உதவும். இதனைத் திருத்த நிருவாகி உரிமை தேவை. முன்னர் எழுதிய வரியை மறந்துவிட்டால் ஒரு தளம் ஏன் திறக்கவில்லை என்பது புரியாமற் போகும். ஆதலால் ஒவ்வொரு வரிக்கும் அருகில் நாளையும் காரணத்தையும் குறித்து வைத்தல் நன்று.

பதிலி வழங்கியும் உள்ளூர் வழங்கியும்

ப்ராக்ஸி எனப்படும் பதிலி வழங்கி, வலையமைப்பிலுள்ள அனைவருக்கும் பொதுவான இடைச்சேமிப்பாகச் செயற்படும். ஒருவர் திறந்த பக்கத்தை அடுத்தவர் கேட்டால் வெளியே செல்லாமல் உள்ளிருந்தே கொடுக்கும். 1996இல் வெளிவந்த ஸ்குவிட் என்னும் கட்டற்ற மென்பொருள், 2000களில் கல்லூரிகளிலும் இணைய நிலையங்களிலும் இதற்குப் பெரிதும் பயன்பட்டது.

இன்று இவ்வுத்தியின் பயன் மிகக் குறைந்துவிட்டது. பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்ட எச்.டி.டி.பி.எஸ். நெறிமுறைக்கு மாறிவிட்டன. அதில் பயனருக்கும் தளத்திற்கும் இடையே செல்வதைப் பதிலி வழங்கியால் படிக்க இயலாது. ஆதலால் சேமிக்கவும் இயலாது. மறையாக்கத்தை நடுவில் உடைத்துச் சேமிக்கும் அமைப்புகள் உள்ளன எனினும், அவை பயனரின் கடவுச்சொற்களையும் வெளிப்படுத்திவிடும் என்பதால் ஊர்ப் பொதுவிடங்களுக்கு ஏற்றவையல்ல.

இதற்கு மாற்றாக, தேவைப்படும் உள்ளடக்கத்தை முன்கூட்டியே இறக்கி உள்ளூர் வழங்கியில் வைக்கும் முறை வளர்ந்துள்ளது. 2007இல் தொடங்கப்பட்ட கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளால் விக்கிப்பீடியாவை ஒரே சுருக்கிய கோப்பாக இறக்கி இணைப்பின்றிப் படிக்கலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வடிவில் கிடைக்கின்றது. ஒரு கணினியில் இதனை வழங்கியாக இயக்கினால், அதே வலையமைப்பிலுள்ள பேசிகள் அனைத்தும் வெளியிணைப்பு இன்றியே கட்டுரைகளைத் திறக்க முடியும்.

புதுச்சேரி மீனவ ஊர்களின் முன்னோடி முயற்சி

ஒருமுறை இறக்கி ஊர் முழுவதும் பயன்படுத்துதல் என்னும் முறைக்குத் தமிழ் கூறும் பகுதியில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, பழவேற்காட்டிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிப் பகுதியில் நிகழ்ந்தது. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் ஆதரவுடன் 1998இல் அங்கு ஊர்த் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது.

வில்லியனூர் நடுமையமாக இருந்தது. அங்கு மட்டுமே தொலைபேசி மோடம் வழியாக இணைய இணைப்பு பெறப்பட்டது. பெறப்பட்ட தகவல் சுருக்கப்பட்டு, தமிழாக்கப்பட்டு, தொலைபேசி வழியாகவும் மீயுயர் அதிர்வெண் வானொலிக் கருவிகள் வழியாகவும் சுற்றியுள்ள ஊர் மையங்களுக்கு அனுப்பப்பட்டது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய ஆற்றலும் பயன்பட்டது. மையத்திற்கான இடத்தை ஊரார் அளித்தனர். மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அவர்களுட் பெண்கள் கணிசமாக இருந்தனர்.

மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியான அலை உயர முன்னறிவிப்பு இவ்வழியில் பெறப்பட்டு, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. வேறொரு நாட்டின் கடற்படை தன் தேவைக்காக வெளியிட்ட தகவல், கணினியையே தொடாத மீனவர் கடலுக்குச் செல்வதா வேண்டாமா என முடிவு செய்ய உதவியது. இத்திட்டம் 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, நல்லவாடு என்னும் ஊரில் இம்மையத்தின் ஒலிபெருக்கியே மக்களை வெளியேற்றப் பயன்பட்டது. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூரார் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் உடனே ஒலிபெருக்கி வழியாக அறிவித்தனர். அன்று செய்தி வந்த வழி இணையம் அன்று. ஆயினும், வந்த செய்தியை ஊர் முழுவதற்கும் சில நிமிடங்களில் கொண்டுசெல்லும் கடைசிக் கண்ணி ஏற்கெனவே அங்கு இருந்தது.

பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவிற்கும் இடையே சிறீஅரிக்கோட்டாத் தீவு அமைந்துள்ளது. கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், ஜமீலாபாத் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் ஏரியிலும் கடலிலும் மீன் பிடிக்கின்றனர். ஏரியிலிருந்து கடலுக்குச் செல்லும் படகுகள் முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். அது மணல் சேர்ந்து அடைபடும் இயல்புடையது.

இவ்வூர்களுக்குப் பயன்படும் இணையத் தகவல்களுட் சில:

* மீன்வள வாய்ப்புப் பகுதி அறிவிப்பு: ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடுவது. செயற்கைக்கோள் அளக்கும் கடல்மேற்பரப்பு வெப்பநிலை, பச்சையம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. இது வரைபடமாகவும், இறங்குதுறையிலிருந்து திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றைக் கூறும் உரைப்பட்டியலாகவும் கிடைக்கும். குறைவேக இணைப்புக்கு உரைப்பட்டியலே ஏற்றது. மேகமூட்டம் மிகுந்த நாட்களில் அறிவிப்பு வெளிவராதிருக்கலாம்.
* கடல்நிலை முன்னறிவிப்பு: அதே மையம் அலை உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவை குறித்து வெளியிடுவது.
* மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை: சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடுவது.
* ஏவுதல் நாள் அறிவிப்பு: சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவூர்தி செலுத்தப்படும் நாட்களில் அண்மைக் கடற்பகுதிக்குச் செல்ல வேண்டாம் என மீனவர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். ஏவுதல் தள்ளிவைக்கப்படுவதும் உண்டாதலால் முந்தைய நாள் பார்த்த தேதியை மறுமுறை சரிபார்க்க வேண்டும்.

காலாவதியான தகவலின் இடர்

மேற்கூறிய உத்திகள் அனைத்தும் பழையதை மீண்டும் பயன்படுத்தித் தரவை மிச்சப்படுத்துகின்றன. ஆகவே எதனை எவ்வளவு காலம் சேமித்து வைக்கலாம் என்பதைத் தகவலின் இயல்பே முடிவு செய்ய வேண்டும்.

* கலைக்களஞ்சியம், பாடநூல், மென்பொருள் நிறுவல் கோப்பு: மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்.
* அரசுப் படிவம், திட்ட விவரம்: பயன்படுத்துமுன் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.
* மீன்வள வாய்ப்புப் பகுதி அறிவிப்பு: அதிலேயே கூறப்பட்டுள்ள செல்லுபடி நாள் வரை.
* காற்று, அலை முன்னறிவிப்பு: ஒவ்வொரு முறை கடலுக்குச் செல்லுமுன்னும் புதிதாகப் பெற வேண்டும்.
* புயல், ஆழிப்பேரலை எச்சரிக்கை: சேமித்த படியைப் பயன்படுத்தவே கூடாது.

இணைப்பு இல்லாதபோது சில உலாவிகளும் செயலிகளும் கடைசியாகப் பெற்ற பக்கத்தையே காட்டும். பக்கம் முழுமையாகத் தெரிவதால் அது இன்றையது என எண்ணிவிட நேரும். பேசியின் மேல்மூலையில் தெரியும் கடிகாரம் பக்கத்தின் நேரத்தைக் காட்டுவதன்று. பக்கத்தினுள் அச்சிடப்பட்டுள்ள வெளியீட்டு நாளையும் நேரத்தையும் தேடிப் பார்ப்பதே சரியான வழி. வாட்ஸ்அப் போன்றவற்றில் பரிமாறப்படும் திரைப்பிடிப்புகளுக்கும் இது பொருந்தும். திரைப்பிடிப்பும் சேமித்த படியே; அதனைப் புதுப்பிக்கவும் இயலாது. நாள் வெட்டப்பட்ட திரைப்பிடிப்பை நம்பிக் கடலுக்குச் செல்வதோ, அதனை மற்றவர்க்கு அனுப்புவதோ தகாது. மூலப் பக்கத்தின் இணைப்பை அனுப்புவது நல்லது.

நேர வலயமும் கவனத்திற்குரியது. கடல், வானிலை வரைபடங்கள் பலவற்றில் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரமே குறிக்கப்பட்டிருக்கும். இந்திய நேரம் அதனைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. வரைபடத்தில் 00:00 என இருப்பது இந்தியாவில் காலை 5:30 ஆகும். 18:00 என இருப்பது இரவு 11:30 ஆகும். அதிகாலை 3:00 மணிக்குப் புறப்படும் படகிற்குரிய நேரம், வரைபடத்தில் முந்தைய நாளின் 21:30 ஆக அமையும். நாளை மட்டும் பார்ப்பவர் ஏறத்தாழ ஒரு முழு நாள் பிந்திய வரைபடத்தைப் படித்துவிடக்கூடும்.

கரையில் உள்ள ஒரு கணினியில் செய்யத்தக்க எளிய ஒழுங்கு பின்வருமாறு:

1. முன்னறிவிப்புப் பக்கத்தை மாலையிலும் புறப்படுமுன்னும் என இருமுறை வலிந்து புதுப்பிக்க வேண்டும்.
2. வெளியீட்டு நேரத்தை இந்திய நேரத்திற்கு மாற்றிக் குறிக்க வேண்டும்.
3. அலை உயரம், காற்றின் வேகம், திசை ஆகியவற்றை ஒரு சிறு உரையாக எழுதி, முதல் வரியிலேயே நாளையும் நேரத்தையும் இட வேண்டும்.
4. அவ்வுரையைக் குறுஞ்செய்தியாகவும் ஒலிபெருக்கி அறிவிப்பாகவும் வெளியிட வேண்டும்.
5. புதிய பக்கம் கிடைக்காவிடில் "இன்று தகவல் கிடைக்கவில்லை" என்றே அறிவிக்க வேண்டும். பழைய உரையை மறுபடி வெளியிடலாகாது.

வரம்புகள்

கரையிலுள்ள வலையமைப்பு எவ்வளவு சிறந்திருந்தாலும் அதன் எட்டுதூரம் குறுகியது. செல்லிடப்பேசிச் சமிக்ஞை பொதுவாகக் கரையிலிருந்து 10 முதல் 12 கிலோமீட்டர் வரையே கிடைக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விரைந்து வலுப்பெற்றபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கரையில் வெளியான எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை.

இக்குறையைப் போக்க 2019இல் ஜெமினி என்னும் கருவி அறிமுகப்படுத்தப்பட்டது. இது ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையையும் மீன்வளத் தகவலையும் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் செல்லிடப்பேசிக்கு அனுப்பும். படகிலேயே அமைந்த, இணையம் தேவைப்படாத ஒரு சிறு வலையமைப்பு எனலாம். எனினும் இது ஒருவழிப்பட்டது. படகிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்ப இதனால் இயலாது.

கருவி இல்லாத படகுகளுக்குக் கரையில் கடைசியாகப் படித்த தகவலே துணை. அத்தகவல் எந்த மணிக்குரியது என்பதை அறிந்து புறப்படுவது, வேகமான இணைப்பைப் பெறுவதைவிட முதன்மையானது.